விட்ட கம்புக்கு ஏறும்

சேன்-கொலோம்ப், 18 டிசம்பர் 2024

இஞ்சேருங்கோ,

கடிதம் என்றால் ‘அன்புள்ள’ என்று தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். கோபத்தில் இருக்கிற மனிதருக்கு அப்படி எழுதினால் நக்கல் என்று நினைப்பீர்கள். அதனால் வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே தொடங்கியிருக்கிறேன்.

நான் வந்து இரண்டு கிழமை ஆகிறது. போன் அடித்தால் எடுக்கிறீர்கள் இல்லை. மகளிடம் சொல்லிவிடலாம் என்று பார்த்தால் ரூபிகா, “அம்மா, நான் என்ன போஸ்ட் ஒஃபீஸோ? உங்கடை சண்டையை நீங்களே பிடியுங்கோ” என்கிறாள். யோசித்துப் பார்த்தேன். நீங்கள் என்னோடு பேசமாட்டேன் என்றுதான் பிள்ளையார் கோயிலில் வைத்துச் சொன்னீர்கள். வாசிக்கமாட்டேன் என்று சொல்லவில்லை. சட்டம் பார்க்கிற ஆள் நீங்கள், இந்த இடைவெளியை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

நான் உங்களுக்குப் பொய் சொன்னேன் என்று வீடெல்லாம் குமுறுகிறீர்களாம். நான் பொய் சொல்லவில்லை. போன வருசம் தோள் எலும்பு வெடித்தபோது ஆஸ்பத்திரியில் இருந்து போன் எடுத்து என்ன சொன்னேன்? “சறுக்கினனான், விழுந்திட்டன்” என்றேன். பனியில் சறுக்கினேன், விழுந்தேன். இதில் எந்தச் சொல் பொய்? ஹோட்டல் குசினியில் சறுக்கி விழுந்தேன் என்று நீங்களாகவே நினைத்துக்கொண்டால் அதற்கு நானா பொறுப்பு? வழுக்காத அடி போட்ட சப்பாத்து வாங்கி அனுப்பினீர்கள். அந்த நேரம் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அந்தச் சப்பாத்தைப் பார்த்த பிறகு சொல்ல வாய் வரவில்லை.

இப்போது முழுக்கச் சொல்கிறேன், கேளுங்கள். பத்து வருசமாக ஒவ்வொரு குளிர்காலமும் இந்த மலைக்கு வந்து ஹோட்டல் குசினியில் சமையல் வேலைக்கு நிற்கிறேன். வேலை செய்பவர்களுக்கு மலை ஏறுகிற கம்பிப் பெட்டிக்கு இலவச பாஸ் உண்டு. மத்தியானம் மூன்று மணி நேரம் ஓய்வு. மற்றவர்கள் படுத்துத் தூங்குவார்கள். நான் காலில் பலகை கட்டிப் பனியில் சறுக்கப் பழகினேன். ஸ்லாலம் என்றால் வேறொன்றுமில்லை, மலைச்சரிவில் சிவப்பும் நீலமுமாகக் கம்புகள் நட்டிருப்பார்கள், ஒன்றையும் விடாமல் வளைந்து வளைந்து கீழே வர வேண்டும். பாரிசில் கார் டு நோர் ரயில் நிலையத்தில் மாலை ஆறு மணிக்கு, இரண்டு கையிலும் மரக்கறிப் பையோடு, சனத்துக்குள்ளால் புகுந்து ஓடி ஆர்.இ.ஆர். ரயில் பிடித்த பெண்ணுக்கு இது புது வித்தை இல்லை.

இந்த மலைக் கிராமத்துப் பெண்கள் குழுவில் நாங்கள் நாலு பேர். தபால் கொண்டுபோகிற ஆனைஸ்தான் தலைவி. இந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிற கிராமங்களுக்குள் பெண்களுக்கென்று ஒரு கிண்ணம் இருக்கிறது. ஜனவரியில் இருந்து மார்ச் வரை நாலு போட்டி. ஒரு போட்டியில் நாலு பேரும் ஒரு கம்பும் விடாமல் கீழே வந்து சேர்ந்தால்தான் குழுவுக்குப் புள்ளி. ஒருத்தி விழுந்தாலும் அன்றைக்குச் சைபர். இந்த வருசம் நான் நாலிலும் ஓடப்போகிறேன்.

கடைசிப் போட்டி மார்ச் 16, ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் வந்து பார்க்க வேண்டும். எனக்கு அவ்வளவுதான் ஆசை, வேறொன்றும் கேட்கவில்லை.

நிரஞ்சலா

*

லா சப்பல், 27 டிசம்பர் 2024

திருமதி நிரஞ்சலா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. எழுத்தில் பதில் சொல்வது பேச்சாகாது என்று தீர்மானித்துத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு விசயம் எப்படித் தெரியவந்தது என்று உங்களுக்குத் தெரியாது. என்னிடம் கார் பழக வருகிற திரான்சியில் இருக்கிற பிள்ளை ஷிரோமி போன குளிர்காலம் உங்கள் ஹோட்டலில் அறை துப்புரவாக்க வந்தவள். சிக்னலில் நிற்கிறோம். அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சாதாரணமாகக் கேட்கிறாள், “மாஸ்டர், அன்ரி இந்த முறையும் ஸ்லாலம் ஓடுறாவோ?” விளக்குப் பச்சையானது. கார் கிளம்பி ஒரு முழம் போய் நின்றது. பிரேக்கை மிதித்தது அவள் இல்லை, என் பக்கத்துப் பிரேக்கை நான் மிதித்தேன். பின்னால் பஸ்காரன் என்னைப் பேசாத பேச்சில்லை. இருபது வருசச் சேவையில் பச்சை விளக்குக்குப் பிரேக் போட்ட முதல் நாள் அது.

போன வருசம் நீங்கள் விழுந்தபோது, குசினியில் எண்ணெய் கொட்டிக் கிடந்திருக்கும் என்று நினைத்து ஹோட்டல் முதலாளிக்குப் போன் எடுத்து, எனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதையும் பாவித்து ஏசினேன். அவர் அமைதியாகக் கேட்டுவிட்டு, “மதாம் மிகவும் துணிச்சலானவர், முசியு” என்றார். என்னை நக்கலடிக்கிறார் என்று நினைத்து இன்னும் ஏசினேன். இப்போது அந்த மனிதரின் முகத்தில் எப்படி முழிப்பது? ஊர்ப் பெரியவர் தில்லையம்பலம் அண்ணையும் உங்களுக்கென்று நோவெண்ணெய் கொண்டுவந்து தந்தார், ‘குசினியில் வழுக்கி விழுந்த தோளுக்கு’ என்று. வாங்கினேன். நன்றி சொன்னேன்.

நான் சனத்துக்குப் பிரேக் மிதிக்கப் பழக்குகிறவன். என் மனைவி பிரேக்கே இல்லாத இரண்டு பலகையில் ஏறி, எலும்பு வெடித்தும் புத்தி வராமல், மறுபடியும் மலையில் இருந்து குதிக்கப்போகிறார். இதை நம்முடைய சனம் கூடுகிற ரூ பெர்தொனேத் தெருவில் யாரிடமும் நான் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை. நீங்கள் குசினியில் வேலை செய்கிறீர்கள். அவ்வளவுதான் ஊருக்கு.

கம்புகளை விடும்வரை வாய் திறந்து ஒரு சொல் பேசமாட்டேன் என்று பிள்ளையாருக்கு முன்னால் சொன்னேன். அதில் மாற்றம் இல்லை. மார்ச் 16 எனக்கு வேலை இருக்கும்.

மிளகாய்த்தூள் ஒரு கிலோ தனியாகப் பார்சலில் வருகிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இப்படிக்கு,
உதயன்

*

சேன்-கொலோம்ப், 13 ஜனவரி 2025

இஞ்சேருங்கோ,

மிளகாய்த்தூள் வந்தது. நன்றாக வறுத்திருக்கிறீர்கள், கொஞ்சம் கருகப் பார்த்திருக்கிறது. கோபத்தில் வறுத்தால் அப்படித்தான்.

உங்கள் கடிதத்தில் என்னைச் சுட்டது எது தெரியுமா? ஏசினது இல்லை. ‘நீங்கள்’. கல்யாணம் கட்டின நாளில் இருந்து என்னை ‘நீர்’ என்றுதான் கூப்பிட்டீர்கள். இப்போது ‘நீங்கள்’, ‘உங்கள்’ என்று மரியாதை பொழிகிறீர்கள். வாசிக்க வாசிக்க எனக்கு பிரிபெக்சர் அலுவலகத்தில் விசா புதுப்பிக்க நிற்கிற மாதிரி இருந்தது. ஏசுவதென்றால் ‘நீர் ஒரு விசரி, பைத்தியம்’ என்று ஏசுங்கள், நான் சந்தோசமாக வாங்கிக்கொள்வேன்.

சரி, நேற்று முதல் போட்டி. சொல்லட்டுமா? வேண்டாமென்றாலும் சொல்லத்தான் போகிறேன்.

ஒவ்வொருத்தியும் இரண்டு தரம் இறங்க வேண்டும், இரண்டு நேரத்தையும் கூட்டிப் பார்ப்பார்கள். காலையில் எல்லோரும் பக்கவாட்டாகச் சறுக்கிக்கொண்டு போய்க் கம்புகளைப் பார்த்து மனப்பாடம் செய்கிறோம். பிறகு மேலே போய் வரிசையில் நிற்கிறோம். குளிர் மைனஸ் பதினொன்று. எனக்கு முன்னால் இருபது வயதுப் பெட்டை, பின்னால் அறுபது வயதுக் கிழவி. கிழவி என்று சொன்னேனே தவிர அவள் என்னைவிட வேகம். என் முறை வந்ததும் டொய்லெட் எங்கே என்று ஆனைஸிடம் கேட்டேன். நீங்கள் பரீட்சைக்குக் கூட்டிப்போகிற பிள்ளைகள் காரில் ஏற முன்னம் டொய்லெட் கேட்பார்கள் என்பீர்களே, அதுதான். பிறகு ஒருத்தர் “ஹோப்!” என்றார். போனேன்.

கம்பு மடங்கக்கூடியது, தெரியுமா? அதைத் முழங்காலிலும் கையிலும் அடித்துத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். படார், படார் என்று சத்தம். முதல் நாலைந்து கம்பு பயத்தில் போனது. அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது. தலைக்கவசத்துக்குள் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். கடைசிக்கு முந்தின நேரம் என்னுடையதுதான். ஆனால் நாலு பேரும் விழாமல் வந்து சேர்ந்தோம். குழுவுக்கு இரண்டாமிடம். பக்கத்துக் கிராமம் வில்நெட் முதலாமிடம். அவர்கள் எப்போதும் முதலாமிடம்தான், மூக்கு வானத்தில்.

ஆனைஸ் என் கன்னம் இரண்டிலும் முத்தம் தந்தாள். நீங்கள் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று அப்போதும் யோசித்தேன்.

நிரஞ்சலா

*

லா சப்பல், 24 ஜனவரி 2025

நிரஞ்சலா அவர்களுக்கு,

தூள் கருகவில்லை. அது பதம்.

நான் ஒன்றும் பார்க்கவில்லை. ஆனால் ரூபிகா சாப்பிடும்போது போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்து ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சோறு போட எழும்பியபோது தற்செயலாகக் கண்ணில் பட்டது. பதினாலாம் நம்பர் போட்ட, நீலத் தலைக்கவசம் போட்ட ஒரு ஆள். கையை வீசுகிற விதத்தில் தெரிந்துவிட்டது, அது கடையில் கீரை விலை பேசுகிற கைதான்.

பாதுகாப்புக்காக மட்டும் ஒன்று சொல்கிறேன். நீங்கள் கிட்ட இருக்கிற கம்பையே பார்க்கிறீர்கள். அது பிழை. நான் பிள்ளைகளுக்குச் சொல்வது, ‘முன்னுக்குப் போற காரைப் பாக்காதை, அதுக்கு முன்னுக்குப் போறதைப் பார்’ என்று. கிட்டப் பார்த்தால் கை பதறும். தூரப் பார்த்தால் கார் தானாகத் திரும்பும். இதை ஊக்கமென்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எலும்பு வெடித்தால் மருந்துக்கடைக்கு அலைவது நான்தான்.

இன்னொன்று. தொடங்க முன்னம் சப்பாத்தை யார் பூட்டுகிறார்கள்? நீங்களே பூட்டுகிறீர்களா, வேறு யாரும் சரிபார்க்கிறார்களா?

உதயன்

*

சேன்-கொலோம்ப், 4 பெப்ரவரி 2025

இஞ்சேருங்கோ,

சப்பாத்தை நானேதான் பூட்டுகிறேன். ஆனைஸ் சரிபார்க்கிறாள். உங்கள் கேள்வியை வாசித்துச் சிரித்தேன், ஆனால் இன்றைக்குச் சிரிக்கிற நாள் இல்லை.

முந்தநாள் இரண்டாவது போட்டி. மற்ற மூன்று பேரும் நல்ல நேரத்தில் இறங்கிவிட்டார்கள். நான் விழுந்தேன். எலும்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள். ஆறாம் கம்பில் பனி கண்ணாடி மாதிரிக் கிடந்தது, உள்பக்கக் கால் போய்விட்டது. இருந்த இருப்பில் ஓரத்துப் பாதுகாப்பு வலைவரை சறுக்கிக்கொண்டு போனேன். என்னால் எல்லோருக்கும் சைபர்.

ஒருத்தியாவது ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒருத்தியும் ஏசவில்லை. ஆனைஸ் சூடான சொக்கலேட் வாங்கி என் கையில் வைத்துவிட்டு வேறு கதை கதைத்தாள். அதுதான் தாங்க முடியவில்லை. குழுவுக்குள் வர ஒரு இளம்பெட்டை காத்துக்கொண்டிருக்கிறாள். நன்றாக ஓடுகிறாள். எனக்கு நாற்பத்தாறு வயது. அவளுக்கு இடத்தை விட்டுவிடலாம் என்று நேற்று முழுக்க யோசித்தேன்.

ஏன் இதற்குள் போனீர் என்று நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை, ஏன் சொல்லவில்லை என்றுதான் கேட்டீர்கள். கேட்காவிட்டாலும் சொல்கிறேன். காலையில் எழும்பினால் எத்தனை முட்டை, எத்தனை குறுவாசோன் என்று கேட்பார்கள். பாரிசுக்கு வந்தால் ரூபிகாவின் அம்மா, உதயன் மாஸ்டரின் மனிசி. குறை சொல்லவில்லை, எல்லாம் நான் விரும்பி எடுத்ததுதான். ஆனால் மேலே அந்தத் தொடக்கக் கதவு திறந்து கீழே பாய்ந்தால் ஒரு நிமிசத்துக்கு நான் நிரஞ்சலா மட்டும். கிட்டத்தட்ட ஒரு நிமிசம்தான். அதைவிட எனக்குக் கூட வேண்டாம். அந்த ஒரு நிமிசத்தில் எனக்கு இருக்கிற சந்தோசத்தை நீங்கள் ஒருக்கால் பார்க்க வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன்.

சரி, விடுங்கள். நீங்கள் கேட்டபடி கம்பை விட்டுவிடுகிறேன் போல இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஆனைஸிடம் சொல்வேன். பிறகு நீங்கள் போனை எடுக்கலாம். நீங்கள் வென்றீர்கள்.

நிரஞ்சலா

*

லா சப்பல், 6 பெப்ரவரி 2025
(விரைவுத் தபால்)

நிரஞ்சலா,

வெள்ளிக்கிழமை ஒன்றும் சொல்ல வேண்டாம். இது நாளைக்கே உம்மிடம் வந்து சேரும் என்று இங்கே தபாலகத்தில் இருக்கிற பெண் சொன்னாள். வராவிட்டால் அங்கே தபால் கொண்டுவருவதும் உம்முடைய ஆனைஸ்தானே, அவவைக் கேளும்.

நீர் என்ன கதை கதைக்கிறீர்? விழுந்ததற்காகவா விடுவது? நான் கேட்டதற்காக விட்டால் அது ஒரு நியாயம், அதை நான் மரியாதையோடு ஏற்றுக்கொள்வேன். விழுந்ததற்காக விடுவதென்றால் எனக்கு அந்த வெற்றி வேண்டாம். ஷிரோமி நாலு தரம் கார் லைசென்ஸுக்கான பெர்மி பரீட்சையில் தவறினாள். நாலாம் தரம் பரிசோதகரையே ஏற்றிக்கொண்டு ஒருவழிப் பாதைக்குள் எதிராகப் போனவள். நான் விடு என்று சொன்னேனா? “அடுத்த திகதி எப்ப எண்டு பார் பிள்ளை” என்றேன். போன கிழமை பாஸ் பண்ணிவிட்டாள், கேக் கொண்டுவந்தாள். பிறத்தியார் பிள்ளைக்கு அதைச் சொல்லிவிட்டு என் மனிசிக்கு வேறு சட்டம் சொல்ல முடியுமா?

‘நீர்’ என்று எழுதியிருப்பதைக் கவனித்திருப்பீர். அவசரத்தில் வந்துவிட்டது. வெட்டி எழுத நேரமில்லை.

ஆனால் சத்தியம் சத்தியம்தான். பேசமாட்டேன். எழுத்து மட்டும்.

இங்கே ஒரு கூத்து நடந்தது. தில்லையம்பலம் அண்ணையை ரூ பெர்தொனேயில் தேத்தண்ணிக் கடையில் கண்டேன். “என்ன தம்பி, மனிசி எப்பிடி?” என்றார். உம்முடைய கடிதம் பொக்கற்றுக்குள் இருந்தது, மனம் சரியில்லை. யோசிக்காமல், “மனிசி சறுக்கிறா அண்ணை” என்றேன். அவர் என் தோளைத் தட்டினார். அன்று பின்னேரம் தானும் பெண்சாதியுமாக ஒரு சட்டி நண்டுக் கறியோடு வீட்டுக்கு வந்துவிட்டார். உட்கார்ந்து, செருமி, “தம்பி, குடும்பம் எண்டால் சறுக்கும்தான். ஆனைக்கும் அடி சறுக்கும். பிள்ளையின்ரை முகத்துக்காக ரெண்டு பேரும் விட்டுக்குடுங்கோ. ஆள் ஆர், வெள்ளைக்காரனோ?” என்று கேட்டார்.

எனக்கு விளங்க ஒரு நிமிசம் எடுத்தது. விளங்கினதும் நான் சொல்லத்தானே வேண்டும்? உம்முடைய மானம் போகிறது. ரூபிகாவைக் கூப்பிட்டு வீடியோவைப் போடச் சொன்னேன். அண்ணை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். அவரின் பெண்சாதி சொன்னா, “இது நிரஞ்சியோ? எடி, என்ன மாதிரிப் போறாள்.” இரண்டு தரம் போடச் சொன்னா. நண்டுக் கறி மிகவும் நன்றாக இருந்தது.

ஆக, இப்போது ஊருக்குத் தெரியும். நான் சொல்லவில்லை, நண்டுக் கறி சொல்லவைத்தது.

உதயன்

பின்குறிப்பு: ஸ்லாலம் விதிப்புத்தகத்தை இறக்கி அச்சடித்திருக்கிறேன். சார்செலுக்குப் பாடம் எடுக்கப் போகும்போது ஆர்.இ.ஆரில் வாசிக்கிறேன். மிக ஒழுங்காக எழுதியிருக்கிறார்கள். வீதிச் சட்டத்தைவிடத் தெளிவு.

*

சேன்-கொலோம்ப், 25 பெப்ரவரி 2025

இஞ்சேருங்கோ,

உங்கள் விரைவுத் தபாலை ஆனைஸ் கையாலேயே கொண்டுவந்து தந்தாள். குசினிக் கதவில் நின்று வாசித்தேன். வெள்ளைக்காரனோ என்று வந்த இடத்தில் சிரித்த சிரிப்பில் ஒரு தட்டு முட்டை கீழே போனது. ஆனைஸுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவள் நிலத்தில் இருந்துவிட்டாள். இப்போது குழு முழுக்க என்னை “மதாம் சறுக்கு” என்று கூப்பிடுகிறது. அவர்கள் வாயில் அது ‘சர்ர்குக்கு’ என்று வருகிறது.

ஆனைஸிடம் விலகுகிறேன் என்று சொல்லவில்லை. நீங்கள்தான் காரணம். இதையும் பெருமையாக நினைக்காதீர்கள்.

முந்தநாள் மூன்றாவது போட்டி. கிட்டக் கம்பைப் பார்க்கவில்லை. அடுத்ததைப் பார்த்தேன், அதற்கும் அடுத்ததைப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி, கால் தானாகத் திரும்பியது. என் நேரம் நடுவில் வந்துவிட்டது, கடைசியில் இல்லை. குழுவுக்கு முதலாமிடம். இந்தக் கிராமம் ஒரு போட்டியில் முதலாவதாக வந்து பல வருசமாம். ஆனைஸின் அப்பா மணி அடித்துக்கொண்டு தெருவில் போனார், மாட்டுக் கழுத்து மணி.

வில்நெட்டும் அன்றைக்கு ஒருத்தி விழுந்து சைபர். இப்போது அவர்களும் நாங்களும் ஒரே புள்ளி. கடைசிப் போட்டியில் எங்களில் யார் முன்னால் வருகிறார்களோ அவர்களுக்குக் கிண்ணம். நாலு பேரும் வந்து சேர வேண்டும், அதுதான் எல்லாம்.

மறுபடியும் கேட்கிறேன், இதுதான் கடைசித் தரம் கேட்பது. மார்ச் 16. வந்தால் பேச வேண்டாம். சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். நின்றால் போதும்.

நிரஞ்சலா

*

லா சப்பல், 7 மார்ச் 2025

நிரஞ்சலா,

வர வசதியில்லை. சனி, ஞாயிறு பாடம். திங்கள் காலை இரண்டு பிள்ளைகளுக்குப் பரீட்சை. மனம் நோக வேண்டாம்.

பொதுவாகக் கேட்கிறேன், உங்கள் மலைப்பாதையில் மார்ச் மாதத்திலும் சில்லுக்குச் சங்கிலி போட வேண்டுமா, குளிர்கால ரயர் மட்டும் காணுமா? ஒரு மாணவருக்காகக் கேட்கிறேன்.

சனம் நின்று பார்க்கிற இடம் கீழேயா, பக்கத்திலா? பக்கத்தில் என்றால் கம்புகள் தெளிவாகத் தெரியுமா?

உதயன்

*

சேன்-கொலோம்ப், 18 மார்ச் 2025

இஞ்சேருங்கோ,

கூரையில் ‘கார் பழகுநர்’ பலகையோடு ஒரு பாரிஸ் கார் மலைக்கு வந்து நிற்பதை இந்தக் கிராமம் இனி மறக்காது. சங்கிலி போட்டிருந்தீர்கள். அந்த மாணவருக்கு என் வணக்கம்.

நீங்கள் சாப்பிட்டும் சாப்பிடாமலும் பரீட்சைக்கென்று திரும்பி ஓடிவிட்டீர்கள். நேரில் சொல்ல முடியாமல் போனதை எழுதுகிறேன். நீங்கள் கீழே நின்று பார்த்தீர்கள், நான் மேலே இருந்து பார்த்தது வேறு.

முதல் ஓட்டம் சுகம். அதற்குள் வில்நெட்காரி ஒருத்தி கம்பை விட்டுவிட்டு, விட்டபடியே கீழே வந்து கையை வீசி அழுதாள். அவர்களுக்கு அன்றைக்குச் சைபர் என்று மேலே செய்தி வந்தது. ஆனைஸ் என் காதில் சொன்னாள், “வேகம் வேண்டாம், வந்து சேர்ந்தால் போதும்.” அந்தச் சொல்தான் பிழை. மெதுவாகப் போ என்றால் எனக்குப் போகத் தெரியாது. இரண்டாம் ஓட்டத்தில் நிதானமாகப் போகிறேன் என்று நினைத்து நினைத்துக் கிட்டக் கம்பைப் பார்க்கத் தொடங்கிவிட்டேன். முக்கால்வாசி வந்தபின் ஒரு நீலக் கம்பு எனக்கு மேல்பக்கம் நின்றது. நான் அதைத் தாண்டிக் கீழே நின்றேன். விழவில்லை. விட்டுவிட்டேன்.

முடிந்தது என்று நினைத்தேன். உண்மையாக, எல்லாம் முடிந்தது என்று. கீழே சனம் கத்துகிறது. எனக்கு முன்னமே இறங்கிவிட்ட ஆனைஸ் கத்துகிறாள், அவளின் அப்பா மணி அடிக்கிறார். தலைக்கவசத்துக்குள் பிரெஞ்சு எல்லாம் ஒரே இரைச்சல், ஒரு சொல்லும் பிடிபடவில்லை. இரக்கப்பட்டுக் கத்துகிறார்கள் என்று நினைத்தேன். அந்த இரைச்சலுக்குள்ளால் ஒரு சத்தம் வந்தது.

“ஏறும்! மேலை ஏறும் நிரஞ்சி! விட்ட கம்புக்கு ஏறும்! சட்டத்திலை இருக்கு!”

நீங்கள் நிற்கிறீர்கள் என்று எனக்கு அப்போதுதான் தெரியும். மூன்றரை மாதத்துக்குப் பிறகு நீங்கள் என்னோடு பேசிய முதல் சொல் ‘ஏறும்’. ஆனைஸும் அதையேதான் பிரெஞ்சில் கத்தினாளாம், பிறகு சொன்னாள். எனக்குக் கேட்டது உங்களுடையதுதான்.

ஏறினேன். பலகையோடு பனியில் பக்கவாட்டாக அடி அடியாக ஏறுவது எவ்வளவு வடிவில்லாத வேலை என்று பார்த்திருப்பீர்கள். நண்டு மாதிரித்தான். மூச்சு இரைத்தது, மூக்கு ஒழுகியது, சனம் சிரித்தது, பிறகு சிரிப்பதை விட்டுவிட்டுக் கை தட்டியது. நீலக் கம்பைச் சுற்றி வந்து மிச்சத்தை ஓடினேன். அன்றைக்கு எல்லாருக்கும் கடைசி நேரம் என்னுடையது. ஆனால் நாலு பேரும் வந்து சேர்ந்துவிட்டோம், கிண்ணம் சேன்-கொலோம்புக்கு.

பிறகு நீங்கள் செய்தது. லா சப்பலில் நடந்தால் எனக்கு நாலு அடி முன்னால் போவீர்கள், கையைப் பிடித்தால் “சனம் பாக்குது” என்பீர்கள். அப்படிப்பட்ட நீங்கள் வேலியைத் தாண்டி, தோல் சப்பாத்தோடு வழுக்கி வழுக்கி வந்து, அத்தனை வெள்ளைக்காரருக்கும் முன்னால் என்னைக் கட்டிப்பிடித்தீர்கள். விடவும் இல்லை. “உமக்கு விசர், உமக்கு முழு விசர்” என்று என் தோளில் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். அழுதீர்கள். குளிர் என்று பிறகு சொன்னதை நான் நம்பவில்லை.

எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். அந்த ஒரு நிமிசத்தை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். கிண்ணம் ஆனைஸ் வீட்டில் இருக்கட்டும்.

நிரஞ்சலா

பின்குறிப்பு: நான் ஏறினதையும் நீங்கள் கட்டிப்பிடித்ததையும் ஆனைஸ் வீடியோ எடுத்திருக்கிறாள். ரூபிகாவுக்கு அனுப்பிவிட்டாள். நான் தடுக்கவில்லை.

*

லா சப்பல், 24 மார்ச் 2025

நிரஞ்சலா,

தடுத்திருக்கலாம். ரூபிகா அதைத் தன் சினேகிதிகளுக்கு மட்டும்தான் அனுப்பினாளாம். சினேகிதிகளுக்கு அம்மாமார் இருப்பார்கள் என்று அவளுக்கு யோசனை வரவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் ரூ பெர்தொனே முழுக்கப் பார்த்துவிட்டது. நகைக்கடைக்காரர் என்னைக் கண்டால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வருகிறார். தில்லையம்பலம் அண்ணை, “தம்பி, சறுக்கின குடும்பம் இப்பிடியோ ஒட்டும்?” என்று கேட்டுவிட்டு, தன் பெண்சாதியை ஒருநாளும் இப்படிக் கட்டிப்பிடித்ததில்லை என்று அவ இரண்டு நாளாகக் கதைக்கிறா இல்லை என்றார். அந்தப் பாவமும் எனக்குத்தான்.

பிள்ளையாரிடம் போனேன். வாய் தவறிவிட்டது, ஆபத்துக்குப் பாவமில்லை என்றேன். ஒரு தேங்காய் உடைத்தேன். சிதறிய சிதறலைப் பார்த்தால் அவருக்குக் கோபம் இருப்பதாகத் தெரியவில்லை. ஆகவே சத்தியம் முடிந்தது. இது கிடைக்கிற அன்று இரவு எட்டு மணிக்கு நீர் அடியும், போனை எடுப்பேன். எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, முக்கியமாக அந்த நீலக் கம்பைப் பற்றி.

ஒன்றை மட்டும் போனில் சொல்ல வெட்கம், அதனால் எழுதுகிறேன். பயத்தைத்தான் நான் கோபம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். உமக்கு ஏதும் ஆகிவிடும் என்ற பயம் ஒன்று. நான் இல்லாத இடத்தில் நீர் அவ்வளவு சந்தோசமாக இருக்கிறீரே என்ற பயம் மற்றது. இரண்டாவதுதான் பெரிசு. அன்றைக்கு நீர் மூக்கு ஒழுக மேலே ஏறினபோது முகத்தைப் பார்த்தேன். அந்தச் சந்தோசத்துக்குள் எனக்கும் இடம் இருந்தது. இதுக்கு மேல் எழுதத் தெரியவில்லை.

இன்றைக்குக் காலை தேத்தண்ணிக் கடையில் நின்றேன். வன்னியில் இருந்து புதிதாக வந்த பொடியன்கள் நாலு பேர் அந்த வீடியோவை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கட்டிப்பிடிக்கிறது இல்லை, அதற்கு முன்னால் வருகிற துண்டு. ஒருவன் நிறுத்தி நிறுத்திப் பார்த்தான். “மச்சான், எல்லாரும் கீழை போகேக்கை இந்தப் பொம்பிளை மட்டும் மேலை ஏறுது பார். ஆரடா இது?” என்றான். மற்றவர்களுக்கும் தெரியவில்லை. நான் என் தேத்தண்ணியைக் கீழே வைத்தேன்.

“என்ரை மனிசி” என்றேன்.

பிறகு யாரும் கேட்காமலே, “நாப்பத்தாறு வயசு” என்றும் சொன்னேன்.

உதயன்